கணினியின் விடாமுயற்சி



திருக்குறளில் ஆள்வினையுடைமைக்கென ஓர் அதிகாரம் உண்டு. அது 62ஆவது. காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அது 49ஆவது. அதற்கு முன்னே வலியறிதல், பின்னே இடனறிதல். மேடைகளிலும் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களிலும் முதலாவது பெற்ற செல்வாக்கை மற்ற மூன்றும் பெற்றதில்லை. விழுந்தால் எழு, தோற்றால் மறுபடியும் முயல் என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதற்பாடம். கணினிக்கும் மனிதன் அந்தப் பாடத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தான். எப்போது முயல வேண்டும், எதிரிலிருப்பவனின் வலிமை எவ்வளவு, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற மற்றைப் பாடங்கள் சேதம் கண்ட பின்னரே சேர்க்கப்பட்டன. இவ்வுரையின் பொருள் அந்தச் சேதமும் அதற்குப் பின் வந்த படிப்பினையும் ஆகும்.

ஒரு கணினி தொலைவிலுள்ள மற்றொரு கணினியிடம் ஏதேனும் கேட்கும்போது சில வேளைகளில் விடை வாராது போகும். கம்பியில் ஒரு கணம் தடங்கல் நேர்ந்திருக்கலாம். எதிர்முனைக் கணினி ஒரு நொடி திணறியிருக்கலாம். மறுபடியும் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆகவே மென்பொருள் எழுதுவோர், “கிடைக்கவில்லையெனில் மீண்டும் முயல்க” என நாலைந்து வரிகளை நிரலில் சேர்த்து வைப்பது வழக்கம். இதற்கு மீள்முயற்சி என்று பெயரிட்டுக்கொள்ளலாம். பொறியியற் கல்லூரியின் முதலாண்டு மாணவரும் எழுதிவிடக்கூடிய எளிய பகுதி இது. அவ்வெளிமையில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

இதன் சிக்கலை அஞ்சலக மணியார்டரைக் கொண்டு விளக்குவது எளிது. திருச்சிராப்பள்ளியில் வேலை பார்க்கும் மகன் கிராமத்திலுள்ள தாய்க்கு 50 ரூபாய் அனுப்புகிறான். தபால்காரர் பணத்தைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் கைந்நாட்டு வாங்கி, அச்சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வாரமாகியும் சீட்டு வந்து சேரவில்லை என்று கொள்வோருக்கு இரண்டு ஐயங்கள் எழும். பணம் போய்ச் சேரவில்லையா? அல்லது பணம் சேர்ந்து, சீட்டு மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பியவனுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். அவன் கையில் இருப்பது மௌனம் ஒன்றே. அந்நாளில் எந்த மகனும் உடனே இன்னொரு 50 ரூபாயை அனுப்பிவிடவில்லை. ரசீது எண்ணைக் குறித்து அஞ்சலகத்தில் விசாரித்தான். தாய்க்கு ஒரு கார்டு எழுதினான். அனுப்புவது வேறு, விசாரிப்பது வேறு என்பதை அவன் அறிந்திருந்தான். மௌனத்தைத் தோல்வி என்று பொருள் கொண்ட கணினி நிரல்கள் இந்த வேறுபாட்டைத்தான் தவற விட்டன.

செயல்களில் இரு வகை உண்டு. சன்னதியில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை “ஏற்று” என்று பத்து முறை சொன்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்; கேடொன்றுமில்லை. “ஒரு படி பால் ஊற்று” என்று பத்து முறை சொன்னால் பாத்திரம் வழிந்துவிடும். முதல் வகைச் செயலைத் தயங்காமல் திரும்பச் செய்யலாம். இரண்டாம் வகையைத் திரும்பச் செய்வதற்குமுன் ஒன்றுக்குப் பத்து முறை எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் அனுப்புதல் பால் ஊற்றும் வகை. அதை விளக்கேற்றும் வகையாக மாற்றுவதற்கு ஒரு வழியைக் கண்டார்கள். ஒவ்வொரு பணவனுப்பீட்டுக்கும் தனித்த எண் ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுவது அது. அதே எண்ணோடு அதே கட்டளை மறுபடி வந்தால், “இது ஏற்கெனவே செய்தாயிற்று” என்று வங்கிக் கணினி பழைய விடையையே திருப்பிச் சொல்லும், பணத்தைத் தொடாது. மணியார்டர் ரசீது எண்ணின் வாரிசு இது.

ஆனால் இந்த எண் இயந்திரத்தைத்தான் காக்கும், மனிதரைக் காப்பதில்லை. ஸ்ரீரங்கம் இராசகோபுரத்தை அடுத்துள்ள பூக்கடைகளில் அன்றாடம் நிகழக்கூடிய ஒரு சிறு வழக்கைப் பார்த்தால் இது விளங்கும். சாத்தார வீதிச் சந்தையில் விடியற்காலையில் முதல் போட்டுப் பூ வாங்கி வந்து, கட்டி விற்கும் பெண்மணியிடம் ஒரு முதியவர் 120 ரூபாய்க்கு மாலை வாங்குகிறார். யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்துகிறார். கடையின் ஒலிப்பெட்டி பேசவில்லை.

“சாமி, பணம் வரலையே. இன்னொரு தரம் போட்டுப் பாருங்க.”

“எனக்குப் போயிடுத்துன்னு காட்டறதே அம்மா!”

இருவரும் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது; அவள் கணக்கில் இன்னும் ஏறவில்லை. ஏறியதற்கான செய்தி நடுவழியில் நின்றிருக்கிறது. அவர் மறுபடி அட்டையைக் கைப்பேசியில் காட்டி 120 என்று தட்டினால், அது பழைய எண்ணின் மீள்முயற்சி ஆகாது. புதிய எண் பெற்ற புதிய அனுப்பீடாகும். இரண்டும் உயிர் பெற்றுவிட்டால் 240 ரூபாய் போய்விடும். தட்டாமல் போனால், பணம் ஏறும் வரை அந்தப் பெண்மணி நம்பிக்கையின் பேரில் மாலையைக் கொடுத்தவளாகிறாள். மறுநாள் விடியலில் சந்தையில் அவள் நீட்ட வேண்டியது ரொக்கம். 120 ரூபாய் வங்கியின் கணக்கில் ஒரு துகள். ஒருநாள் பூ முதலில் அது துகளன்று. கணினியியல் நூல்கள் ‘நிச்சயமற்ற நிலை’ என்று இரண்டு சொற்களில் கடந்துபோகும் அந்நிலை, ஏதாவது ஒரு கடையின் முன்னே, யாராவது இருவருக்கிடையே தீர்க்கப்பட்டாக வேண்டியிருக்கிறது.

இதனால்தான் நல்ல நிரல் பணத்தை மறுபடி அனுப்பாது. மணியார்டர் மகனைப் போல விசாரிக்கும். “இந்த எண்ணுள்ள அனுப்பீடு என்னவாயிற்று?” என்று நிலையறியும் கேள்வி ஒன்றை விடுக்கும். கேள்வி விளக்கேற்றும் வகையைச் சேர்ந்தது. எத்தனை முறை கேட்டாலும் பணம் நகராது. ஆதலால் அது முற்றும் தீங்கற்றது என்றே பலர் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் 2025 ஏப்ரல் 12ஆம் நாள், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், சனிக்கிழமையன்று கலைந்தது. நாடெங்கும் யு.பி.ஐ. அனுப்பீடுகள் முற்பகல் தொடங்கிச் சில மணி நேரம் தடுமாறின. மார்ச் 26, ஏப்ரல் 2 ஆகிய நாள்களிலும் தடங்கல் நேர்ந்திருந்தது. ஆகவே மூன்று வாரத்துக்குள் இது மூன்றாவது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டும் இந்த ஏற்பாட்டின் வழியே நடந்த அனுப்பீடுகள் ஏறத்தாழ 1,830 கோடி. தேநீர்க் கடையிலிருந்து நகைக் கடை வரை எங்கும் மக்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றனர். காரணத்தை ஆராய்ந்த தேசியக் கொடுப்பனவுக் கழகம், எதிரியின் தாக்குதல் எதையும் கண்டதாகக் கூறவில்லை. நிலையறியும் கேள்விகளின் வெள்ளமே காரணம் என்றது. சில வங்கிகளின் கணினிகள் பழைய அனுப்பீடுகளைப் பற்றியும் ஓயாமல், மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தன.

நிகழ்ந்ததை இவ்வாறு உருவகித்துக்கொள்ளலாம். ஒரு கணினி சற்றே தாமதிக்கிறது. விடை வராத வங்கிகள் கேட்கின்றன. கேள்விகளுக்கு விடை சொல்வதிலேயே அக்கணினியின் பொழுது கழிவதால் புதிய வேலைகள் தாமதமாகின்றன. அத்தாமதத்தைப் பற்றி மேலும் கேள்விகள் எழுகின்றன. நோயாளியின் படுக்கையைச் சூழ்ந்துகொண்டு, “இப்போது எப்படி இருக்கிறது?” என்று நிமிடத்துக்கொரு தரம் உறவினர் அனைவரும் கேட்டால் அவர் உறங்குவது எங்ஙனம்? கேட்பவர் ஒவ்வொருவரும் அன்பினால்தான் கேட்கிறார். தனித்தனியே பார்த்தால் எவர் மீதும் குற்றம் சொல்ல இயலாது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலி மும்முறை முயல்கிறது. அதன் ஒவ்வொரு முயற்சிக்கும் இடைநிலைக் கணினி மும்முறை முயல்கிறது. அதன் ஒவ்வொன்றுக்கும் அடுத்த கணினி மும்முறை. மூன்றடுக்கில் 27. வாடிக்கையாளர் பொறுமையிழந்து தாமே மூன்று தரம் தட்டினால் 81. கடைசியில் நிற்கும், முன்பே களைத்துப்போன வங்கிக் கணினிக்கு ஒரே ஒரு மாலைக்காக 81 கட்டளைகள் வந்து சேரக்கூடும். அடுக்குகளை எழுதிய ஒவ்வொருவரும், “மூன்றே தரம்தானே” என்று அடக்கமாகவே எண்ணியிருப்பர். மீள்முயற்சியை ஓர் அடுக்கில் மட்டும் வைக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் கழகம் வங்கிகளுக்கு விடுத்த சுற்றறிக்கைகளில் எண்கள் வரையறுக்கப்பட்டன. அனுப்பீடு தொடங்கி 90 நொடிகள் கழிந்த பின்னரே முதற்கேள்வி கேட்கலாம் என்றும், இரண்டு மணி நேரத்துக்குள் கூடுமானது மூன்று முறை கேட்கலாம் என்றும் ஏப்ரல் சுற்றறிக்கை கூறியது. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு செயலியில் தம் இருப்புத் தொகையை நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் பார்க்க இயலாது என்றும் வரம்பு வந்தது. ஐம்பது முறை பார்ப்பவரும் உளரோ என்று வியப்பு எழலாம். கையில் காசில்லாத மாதக்கடைசியில் இருப்பைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறுபவரைப் பற்றி எழுதச் சிறுகதை ஆசிரியர்களுக்கு இடமுண்டு.

கணினி உலகம் இந்தப் பாடத்தை முதன்முறையாகப் படித்தது 2025இல் அன்று. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுகளில் சிதறிக் கிடந்த கருவிகளை ஹொனலூலுவிலிருந்த கணினியோடு வானொலி அலையால் இணைத்தனர். அலைவரிசை பொதுவானது. இருவர் ஒரே கணத்தில் பேசினால் இரண்டும் குழம்பிவிடும். குழம்பிய இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்து மறுபடி பேசினால் மறுபடியும் மோதல்தான். குறுகிய வாசலில் எதிரெதிரே வந்த இருவர், ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கித் தடுமாறுவதைக் கண்டிருப்போருக்கு இது புதிதன்று. ஒவ்வொருவரும் குறிப்பின்றித் தேர்ந்த வெவ்வேறு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட தீர்வு. பின்னர் ஈதர்நெட் வலைப்பின்னலில் ஒரு நயம் சேர்ந்தது. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் காத்திருக்கக்கூடிய நேரத்தின் எல்லை இரட்டிப்பாகும். 16 முறை தோற்றால் முயற்சி கைவிடப்படும்.

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், 400 கெஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே செய்தி செல்லும் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. நடந்து சென்று கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும். தாமதமாகிக்கொண்டிருந்த செய்திகளைத் தொலைந்தனவாகக் கருதிக் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பியதும் நெரிசலைப் பெருக்கிற்று. வான் ஜேகப்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே, நெரிசலைக் கண்டால் அனுப்புபவரே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை இணையத்தில் நிலைபெற்றது. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே தவறு வேறொரு தளத்தில், வேறு நாட்டில் தலைகாட்டியது. ஒரு தலைமுறைப் பொறியாளர் கற்றது அடுத்த தலைமுறைக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை போலும்.

ஸ்ரீரங்கத்தாருக்கு இந்தக் கணக்கை விளக்கப் பெர்க்லி தேவையில்லை. வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறக்கும் தருணத்தை அவர்கள் அறிவார்கள். ஒரு வாசல், ஒரு கணம், எண்ணற்ற மக்கள். ஆயினும் அவ்வாசல் அன்றோடு அடைபட்டுவிடுவதன்று. இராப்பத்து நாள்களிலும் திறக்கிறது. உள்ளூர் முதியோர் கூட்டம் தணிந்த வேறொரு நாளில் வந்து அதே வாசலைக் கடந்து செல்லலாம். அவரவர் தமக்குத் தோன்றிய நாளில் வருவதால் கூட்டம் சிதறுகிறது. கணினியியலார் ‘சிதறல்’ என்று நிரலில் வேண்டுமென்றே புகுத்துவது இதைத்தான். எல்லோரும் ஒரு நிமிடம் கழித்து வருக என்றால், ஒரு நிமிடம் கழித்து அதே கூட்டம் நிற்கும். 30 நொடிக்கும் 90 நொடிக்கும் இடையே அவரவர் விரும்பும் கணத்தில் வருக என்றால் வாசல் தாங்கும்.

காவிரியும் இதில் ஓர் ஆசிரியை. முக்கொம்பில் அவள் இரண்டாகப் பிரிகிறாள். பாசனத்துக்குரிய நீர் காவிரியில் செல்ல, மிகுவெள்ளம் கொள்ளிடத்தில் இறங்குகிறது. ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டியது இந்தப் பங்கீட்டை ஒழுங்கு செய்யவே. கொள்ளிடம் இல்லையேல் வெள்ளக் காலத்தில் ஸ்ரீரங்கத்தின் கதி என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். கணினிக்கும் ஒரு கொள்ளிடம் வேண்டும். தாங்கும் அளவை மீறி வரும் கட்டளைகளை ஏற்றுக்கொண்டு எல்லாவற்றையும் தாமதிப்பதைவிட, மிகையானவற்றை, “இப்போது இயலாது” என்று உடனே திருப்பிவிடுவது நல்லது. உடனே கிடைக்கும் மறுப்பு மௌனத்தினும் மேலானது. பூக்கடைப் பெண்மணிக்கு “இல்லை” என்ற சொல் ஒரு நொடியில் கிடைத்திருந்தால், அவள் ரொக்கம் கேட்டு வாங்கியிருப்பாள். ஆனால் வெள்ளமிறங்கும் வழியும் தேய்மானத்துக்கு உட்பட்டதே. 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பக்கமிருந்த 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எதை மறுபடி முயலவே கூடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். இரகசிய எண் தவறு, கணக்கில் பணமில்லை என்பன போன்ற விடைகள் மௌனங்கள் அல்ல, தெளிவான மறுப்புகள். தவறான சாவியைப் பூட்டில் மூன்று தரம் திருகினால் கதவு திறவாது, பூட்டுத்தான் கெடும். இதைப் பிரித்தறியாமல் எல்லாத் தோல்விக்கும் ஒரே மருந்து கொடுக்கும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன.

கைவிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மின்பாதைகளில் தானே மீள இணையும் சாதனம் ஒன்று உண்டு. மரக்கிளை கம்பியில் உரசினால் மின்சாரம் துண்டிக்கப்படும். சில நொடிகளில் சாதனம் தானே மறுபடி இணைத்துப் பார்க்கும். கிளை விழுந்துபோயிருந்தால் விளக்குகள் எரியும். குறித்த சில முறை இணைத்தும் பழுது நீங்கவில்லையெனில் அது பூட்டிக்கொண்டு, ஆள் வந்து பார்க்கும் வரை காத்திருக்கும். அறுந்து தெருவில் கிடக்கும் கம்பியில் ஓயாமல் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தால் உயிர்ச்சேதம் நேரும். மென்பொருள் எழுதுவோர் இச்சாதனத்தின் போக்கை அப்படியே எடுத்துக்கொண்டனர். எதிர்முனை தொடர்ந்து தவறினால் சிறிது காலம் கேட்பதையே நிறுத்துவது. பின் ஒரே ஒரு கட்டளையை அனுப்பி ஆழம் பார்ப்பது. அது தேறினால்தான் மற்றவற்றைத் திறந்துவிடுவது.

இயந்திரம் கைவிட்ட பின் எஞ்சும் 120 ரூபாய் யாருடையது? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விடை சொல்லியது. கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. தொகை வாங்குபவர் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராதுபோனால், அனுப்பீட்டு நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் முறையிடாமலேயே. தனியொருவர்க்கு அனுப்பி ஏறாத தொகையாயின் மறுநாளுக்குள். இந்தக் காப்பு செலுத்தியவர்க்கு. மாலையை நம்பிக் கொடுத்துவிட்ட கடைக்காரருக்கு, ஐந்தாம் நாள் பணம் வாங்கியவரிடமே திரும்பிப் போய்விட்டால், அவ்விதியில் ஆறுதல் ஏதும் இல்லை. அவர் மறுபடி வந்து கொடுத்தால்தான் உண்டு.

மாதந்தோறும் தானே கழியும் காப்பீட்டுத் தவணை, கடன் தவணை போன்றவற்றுக்கும் 2025 மே மாதச் சுற்றறிக்கை எல்லை வகுத்தது. ஒரு முயற்சி, தவறினால் மேலும் மூன்று. அதற்கு மேல் இல்லை. அம்முயற்சிகளையும் நெரிசல் நேரத்தில் செய்தல் கூடாது. நெரிசல் நேரம் எனக் குறிக்கப்பட்டவை காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையும், மாலை 5 மணி முதல் இரவு 9.30 வரையும் ஆகும். திருச்சி பெரிய கடைவீதியிலும், தெப்பக்குளத்தைச் சுற்றியும், ஸ்ரீரங்கத்துக் கோபுர வாசல்களிலும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாங்குவதும் பெரும்பாலும் அந்த மாலை வேளையில்தான். தவணை கழிக்கும் இயந்திரங்கள் அப்போது வரிசையிலிருந்து விலகி, கடைகள் அடைக்கப்பட்ட பின் தம் வேலையைத் தொடங்குகின்றன.